ஔவையைக் கிழவியாக்கியவர்கள்

தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் இந்த மண்ணின் சொத்து என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். நெல்லிக்கனிக் கதையை நானும் முப்பது வருஷம் வகுப்பில் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்யைச் சேர்த்தே சொல்லியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பொய் கனியில் இல்லை, கிழவியில் இருக்கிறது. அதியமானைப் பாடிய ஔவை நரைத்த மூதாட்டி என்று புறநானூறு எங்கும் சொல்லவில்லை. 89ஆம் பாட்டில் மை தீட்டிய கண்ணும் அணிபூண்ட இடையுமாக ஒரு விறலி அழைக்கப்படுகிறாள். அவள் ஔவையேதான் என்று கொள்வோர் உண்டு. 235ஆம் பாட்டில், அவன் செத்த பிறகு, எதை நினைத்து அழுகிறாள்? கள் கொஞ்சமாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிட்டதை. நிறைய இருந்தால் அவள் பாடத் தானும் உடன் குடித்ததை. மணக்கும் கையால் அவள் தலையைத் தடவியதை. வள்ளலுக்கு எழுதித் தந்த ரசீது அல்ல இது. வளர்ந்த ஓர் ஆணும் வளர்ந்த ஒரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்ற பதற்றம் அந்தப் பாட்டில் இல்லை.

பின்னால் வந்தவர்களுக்கு இருந்தது. வெவ்வேறு காலத்து ஔவைகளை ஒருத்தியாக்கினார்கள். கல்யாணத்துக்குத் தப்பிக்கப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானாள் என்று கதை கட்டினார்கள். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' கே. பி. சுந்தராம்பாளின் குரலால் அந்த உருவத்துக்கு முத்திரையே குத்திவிட்டது. ஆணோடு சமமாக உட்கார்ந்து குடித்தவளை மன்னிக்க நம் மரபுக்குத் தெரிந்த ஒரே வழி அவள் உடம்பைப் பிடுங்கிக்கொள்வது.

இலக்கிய ஆராய்ச்சி செய்ய நான் இதை எழுதவில்லை. எனக்கு வயது 58. கல்யாணமாகாதவன். ஐம்பதைத் தாண்டியதும் ஊர் என்னையும் ஔவையாக்கிவிட்டது. 'உங்களுக்கென்ன சார், நிம்மதி' என்கிறார்கள். தனி ஆளாயிருப்பது ஞானம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். இந்த ஞானி ஒரு பெண்ணோடு டீக்கடையில் கால்மணி நேரம் உட்காரட்டும், மறுநாளே 'கிழட்டுக் கூத்து' ஆகிவிடும்.

வயசானவர்களுக்கு என்ன தடை, பெற்றோர் அதட்டலா, படிப்பா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இந்த மாவட்டத்தில் கேட்கக்கூடாத கேள்வி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள், 250க்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டுச் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் உடல் தண்டவாளத்தின் அருகே கிடந்தது. அன்று எரித்த கைகளுக்கு வயது ஒரு பொருட்டா? சாதி கேட்காத வயது என்று ஒன்று இங்கே கிடையாது. செல்போனில் வரன் தேடும் இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். விதவை, விவாகரத்தானவர், வயது ஐம்பதுக்கு மேல் என்று எல்லாம் கேட்டுவிட்டு, உட்பிரிவையும் கேட்கிறார்கள். இளைஞனுக்குச் சாதி மட்டும் தடை. எங்களுக்குச் சாதி, அதற்கு மேல் சொத்து, அதற்கு மேல் பேரன் பேத்திகளின் மானம்.

அரசு மட்டும் என்ன? சட்டம் கல்யாணத்துக்குக் குறைந்தபட்ச வயது சொல்கிறது, உச்ச வயது சொல்லவில்லை. ஆனால் அரசு ஊழியரின் விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் மறுமணம் செய்யும் நாள்வரைதான் என்பது பொதுவிதி. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிய நினைத்தால், பெயரும் விலாசமும் முப்பது நாள் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும். எங்கள் ஊர்ப் பலகையைச் சொந்தக்காரர்கள் படிக்க முப்பது நிமிஷம் போதும்.

எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள்? தனிமை நம் கவிஞர்களுக்குச் சௌகரியமான சரக்கு. ஜன்னல், அந்தி, காலி நாற்காலி என்று இதழுக்கு நாலு கவிதை வருகிறது. இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல. காலி நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்தால் கவிதை கெட்டுவிடும் என்ற பயம். தனிமையை இவர்கள் தரிசனம் என்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத் தண்ணீர் மொண்டு தர ஆளில்லாதது தரிசனம் அல்ல. சினிமா இன்னும் தந்திரமானது. 'முதல் மரியாதை' (1985) மரணப் படுக்கையில்தான் சேரவிடுகிறது. 'ப. பாண்டி' (2017) பழைய காதலியைத் தேடிப்போக அனுமதிக்கிறது. '96' (2018) ஓர் இரவு சுற்றவிட்டு விமானம் ஏற்றி அனுப்புகிறது. ஆக, வயசானவன் நினைத்துப் பார்க்கலாம். புதிதாக ஒருத்தியைச் சந்திக்கக் கூடாது. காதல் அவனுக்கு வெறும் ஞாபகமாக மட்டும் இருக்க வேண்டும்.

ஊரையும் அரசையும் கவிஞர்களையும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நாணயமில்லை.

நூலகத்தில் பழக்கமானவர் அவர். வயது 54. கணவர் இறந்து ஒன்பது வருஷம். குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். புத்தகம் மாற்றிக்கொண்டோம், பிறகு பேச்சு. போன ஆடியில் ஒகேனக்கல் போய்வரலாம் என்று அவர்தான் கேட்டார். பஸ்ஸில் அவர் பெண்கள் வரிசையில், நான் பின்னால். மீன் வறுவல் சாப்பிட்டோம். பரிசலில் ஏறும்போது பரிசல்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்:

"சார், அம்மா உங்க தங்கச்சிங்களா?"

"ஆமாம்" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. பரிசல்காரருக்கு நாங்கள் யாரென்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தும் அந்தச் சொல் தயாராக வாயில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது பெண்ணாகரம்வரை பேசவில்லை. பிறகு, "அவ்வளவு பயமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் நூலகத்தில் அவரைக் காணவில்லை.

ஔவையைக் கிழவியாக்கியவர்களின் வேலையை அந்தப் பரிசலில் நானே செய்து முடித்தேன். ஆகவே இதை அவர் படிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். பரிசல்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் 'இல்லை' என்பது. அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவையில்லை.