ஃப்ளட்டர் ஒன்றும் சாது அல்ல

இதயத்தின் மேலறைகளில் தாளம் தப்பும் கோளாறுகளில் அடிக்கடி காதில் விழுபவை இரண்டு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஏட்ரியல் ஃப்ளட்டர். முன்னதை ஏஎஃப் என்றே ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள். "ஏஎஃப்தான் ஆபத்து, ஃப்ளட்டர் அதோட சாதுவான தம்பி" என்றொரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டையும் ஒன்றாக்கி, ஒன்றாகப் பார்க்க வேண்டிய இடத்தில் பிரித்துவிடும் பேச்சு இது.

முதல் வாதம், ஃப்ளட்டரில் நாடி ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே பயமில்லை என்பது. ஒழுங்கு உண்மைதான். ஏஎஃப்பில் மேலறைத் தசை நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகத் துடிக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஓர் இடைவெளி போல இன்னொன்று வராது. ஃப்ளட்டரிலோ ஒரே மின் அலை, பெரும்பாலும் வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றிச் செக்குமாடு போல வலம் வரும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்று. கீழறைக்குப் போகும் வழியில் இருக்கும் ஏவி முடிச்சு வழக்கமாக இரண்டுக்கு ஒன்றைத்தான் விடும். ஆகவே நாடி 150. ஆளை ஏமாற்றுவதே இந்த ஒழுங்குதான். காய்ச்சலிலோ பதற்றத்திலோ வேகமெடுத்த இதயம் படுத்தால் இறங்கும், எழுந்தால் ஏறும். மானிட்டரில் 149, 150, 150 என்று எண் அசையாமல் நின்றால், நோயாளி கண்ணயர்ந்த பிறகும் அப்படியே நின்றால், ஃப்ளட்டரைத் தேட வேண்டும். ஈசிஜியில் ரம்பப் பற்கள் போலத் தெரிய வேண்டிய ஃப்ளட்டர் அலைகளில் ஒன்றுவிட்டு ஒன்று பெரிய அலைக்குள் புதைந்துகிடக்கும். அவசரத்தில் பார்ப்பவர் தவறவிடுவதில் வியப்பில்லை. வாரக்கணக்கில் 150இல் ஓடும் இதயம் தளர்ந்து மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். போதாததற்கு, ஏஎஃப்பைவிட ஃப்ளட்டரில் வேகத்தை மாத்திரையால் அடக்குவது கடினம்.

பக்கவாதம் ஏஎஃப்காரர்களுக்குத்தான் என்பது அடுத்தது. ஏஎஃப் பக்கவாத அபாயத்தைச் சுமார் ஐந்து மடங்காக்கும் என்று ஃப்ரேமிங்காம் ஆய்வு காட்டியது. தனி ஃப்ளட்டரில் அபாயம் சற்றுக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஃப்ளட்டர் உள்ளவர்களில் பலருக்கு ஏஎஃப்பும் வந்து வந்து போகிறது. ரத்தம் தேங்கிக் கட்டியாகும் இடமும் பெரும்பாலும் ஒன்றே, இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பை. அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை விஷயத்தில் மருத்துவ வழிகாட்டு நெறிகள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கின்றன.

"ஈகோஸ்பிரின் போட்டுக்கிட்டுதானே இருக்கேன், போதாதா?" போதாது. ஈகோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான். ரத்தக்குழாய் அடைப்புக்கு அது நல்ல மருந்து. தேங்கிய ரத்தத்தில் உருவாகும் கட்டிக்கு அது சரிப்படாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஒத்துவராத ஏஎஃப் நோயாளிகளிடம், அதே வேலையைச் செய்யும் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011இல் வெளியானது. அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. பெரிய ரத்தக்கசிவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டும் தாளக் கோளாறுதானே, ஒரே மாத்திரை போதும் என்பவர்களுக்கு ஃப்ளெகனைடு பாடம் சொல்லும். ஏஎஃப்பை அடக்கத் தரும் அந்த மருந்து ஃப்ளட்டரின் சுழற்சியை 300இலிருந்து 200 வாக்கில் இறக்கிவிடக்கூடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 300ஐப் பாதியாக்கி விட்ட ஏவி முடிச்சுக்கு 200 தாங்கக்கூடிய எண். அத்தனையையும் கீழே விட்டுவிடும். நாடி 150இலிருந்து 200க்குத் தாவும், ஆள் மயங்கி விழலாம். ஏவி முடிச்சைத் தடுக்கும் இன்னொரு மருந்தையும் கூடவே எழுதுவது இதற்காகத்தான்.

கடைசியாக, அபலேஷன் செய்தால் கதை முடிந்தது என்ற நம்பிக்கை. வழக்கமான ஃப்ளட்டருக்கு, மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரையின் வாய்க்கும் நடுவே உள்ள குறுகிய தசைப்பட்டையில் சூடு வைத்து ஒரு கோடு இழுத்தால் சுற்றுப்பாதை அறுந்துவிடும். வெற்றி 90 சதவீதத்துக்கு மேல். ஏஎஃப்புக்கு இந்தக் கோடு உதவாது. அதன் பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் இருந்து கிளம்புகிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் காட்டினார்கள். அங்கே வேலை அதிகம், மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம். இதில் ஃப்ளட்டருக்குச் சாதகம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஃப்ளட்டர் போன பலருக்குப் பின்னாளில் ஏஎஃப் தலைகாட்டுகிறது. எனவே அபலேஷன் முடிந்ததும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மருத்துவர்தான் அதை முடிவுசெய்வார்.