தொழிலாளியின் மொழியிலும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. பட்டாசு வட்டாரத்தின் மருத்துவத்தை நேராகத் தொடுவது அவற்றுள் ஒன்று: பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு, 2020. அதன் 6-ஆம் பிரிவு, அரசு குறிக்கும் வயதினருக்கும் வகையினருக்கும் ஆண்டுதோறும் கட்டணமில்லாமல் உடல் பரிசோதனை செய்வதை முதலாளியின் கடமையாக்குகிறது. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர் எல்லாருக்கும் அது உண்டு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 60-ஆம் பிரிவு அதே வசதியை வெளிமாநிலத் தொழிலாளிக்கும் நீட்டுகிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, அபாயகரமான தொழிலில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டங்களில் தொழில்சார் நலம் பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் வேலை கூடப்போகிறது.

1979-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் வரவும் உண்டு, செலவும் உண்டு. ஒப்பந்தக்காரர் கூட்டிவந்தவருக்குத்தான் பழைய சட்டம். தானாக ரயிலேறி வந்தவரையும் புதியது சேர்த்துக்கொள்கிறது, மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டாதவரை. இது வரவு. ஐந்து பேர் இருந்தாலே பொருந்திய சட்டம் இனிப் பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். அறை அறையாக உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலையில் அந்தப் பத்தாவது ஆள் யார் கணக்கில் வருவார் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய 16-ஆம் பிரிவில் இருந்த கட்டணமில்லா மருத்துவ வசதி போய், அந்த இடத்தில் ஆண்டுக்கொரு பரிசோதனை வந்திருக்கிறது. சிகிச்சையை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும் என்பது அரசுத் தரப்பின் பதில். பெயர் பதிவானவர்களைப் பொறுத்தவரை அது சரியான பதிலே.

பெரிதாகப் பேசப்படாத இன்னொரு செலவும் உண்டு. பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்றது. அதன் விவரங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அவை இரண்டும் தொழிலாளியின் மொழி அல்ல என்றால், தொழிலாளியின் மொழியிலும் இருக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பாஸ்புக் எத்தனை பேர் கையில் இருந்தது என்பது வேறு கதை. ஆனாலும் பிழைக்க வந்தவரின் மொழி ஒரு சட்டக் கடமையாக எழுதப்பட்டிருந்த இடம் அது. புதிய தொகுப்பின் 60 முதல் 63 வரையான பிரிவுகளில் பயணப்படி உண்டு, ரேஷன் உண்டு, கட்டணமில்லா உதவி எண் உண்டு. மொழி இல்லை.

இது எழுத்தர் வேலையில் விடுபட்ட ஒரு வரியாகத் தோன்றலாம். பரிசோதனை அறைக்குள் அப்படி இல்லை. அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் தூசியில் உட்காருபவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து அனுப்பினால் கணக்கு முடியும், பரிசோதனை முடியாது, மூச்சின் திறனை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி வேண்டும். எக்ஸ்ரேக்கு நிற்பவர் சும்மா நின்றால் போதும். ஸ்பைரோமெட்ரியில் ஊதுபவரே பாதிக் கருவி. மூச்சை முழுக்க இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கி, ஒரே வீச்சில் ஊதி, காலியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட தரக்குறிப்பு குறைந்தது மூன்று ஏற்கத்தக்க ஊதல்களைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் கடைசி ஒரு வினாடியில் 25 மில்லிக்கும் குறைவாகக் காற்று வரும்வரை, அல்லது 15 வினாடிவரை, நீள வேண்டும் என்கிறது.

‘ஊது, ஊது, இன்னும் ஊது’ என்று டெக்னீஷியன் கத்துகிறார். ஒடியா மட்டும் தெரிந்தவர் இரண்டாவது வினாடியில் குழாயிலிருந்து வாயை எடுத்துவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று அவர் முகத்தைப் பார்க்கிறார். மூன்று முறை இப்படி ஆனதும் ‘முயற்சி போதவில்லை’ என்று எழுதப்படுகிறது. முயற்சி யாருடையது என்று படிவம் கேட்பதில்லை. இதைவிட ஆபத்தானது, அந்த அரை ஊதலை ஏற்றுக்கொண்டு முடிவு எழுதிவிடுவது. பாதியில் நின்ற ஊதலில் மொத்தக் கொள்ளளவு குறைந்து, முதல் வினாடிக் காற்றின் விகிதம் கூடித் தெரியும். உண்மையில் இருக்கும் மூச்சுக்குழல் அடைப்பு மறைந்துபோகும். நுரையீரல் கெட்டவருக்கு ‘வேலைக்குத் தகுதி’ என்று கையெழுத்துப் போட ஒரு மொழி தெரியாமை போதும்.

நோய்க்குறிப்பு கேட்பதிலும் இதே சிக்கல். இங்கே தமிழ் தமிழைச் சந்தித்தாலும் அது தீராது. கரிசல் பட்டாசு ஊர்களில் ‘மருந்து’ என்றால் முதலில் பட்டாசுக் கலவை. மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, மணிமருந்து என்று பேச்சே அதில் நடக்கிறது. மாத்திரையும் ஊசியும் அந்தச் சொல்லின் இரண்டாவது பொருள். ‘மருந்து ஏதாவது ஒத்துக்காதா?’ என்ற கேள்விக்கு, ‘பச்சை மருந்துல உக்காந்தா மட்டும் கைகால் ஓஞ்சு போகும்’ என்று ஒருவர் சொன்னால், கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அடித்துவிட்டுப் போவது எளிது. பச்சை நிறத்துக்குப் போடுவது பேரியம் உப்பு. பேரியம் உடலில் ஏறினால் ரத்தப் பொட்டாசியம் இறங்கித் தசை தளரும். அந்த நாள் முழுவதிலும் கிடைத்த மிகப் பயனுள்ள பதில் அதுவாகவே இருக்கலாம்.

அந்தப் பதில் எளிதில் வெளியே வராது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. தடை நடப்பில் இருக்கையில், ஆலை வளாகத்தில் நடக்கும் முகாமில், மேற்பார்வையாளர் காதுபட யாரும் பச்சை மருந்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கு நிலைமை இன்னும் மோசம். அவருக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவரே போர்மேன், அல்லது கூட்டிவந்த ஏஜெண்ட். ‘இருமல் உண்டா’ என்று தமிழில் போன கேள்விக்கு இந்தியில் நீளமாகப் பேச்சு நடந்து, ‘ஒண்ணும் இல்லையாம் சார்’ என்று மூன்று சொல்லில் பதில் வரும் காட்சியை முகாம் நடத்தியவர் எல்லாரும் கண்டிருப்பார்கள். வேலையைக் கையில் வைத்திருப்பவர் நோயைப் பற்றிக் கேட்டால் வருவது மருத்துவக் குறிப்பு அல்ல. இதைத் தடுக்கும் ஒரு வரிகூட 6-ஆம் பிரிவிலும் இல்லை, 60-ஆம் பிரிவிலும் இல்லை.

இதற்கான தீர்வு தமிழ்நாட்டிலேயே நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தை ஒட்டி 1987-இல் தொடங்கிய சுகாதாரப் பணி, பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களின் பெண்களையே சுகாதாரப் பணியாளராகவும் செவிலியராகவும் பயிற்றியது. 1990-இல் மருத்துவமனையும் 1992-இல் சமூகக் காப்பீடும் அங்கே வந்தன. நோயாளியின் பேச்சை மொழிபெயர்க்க அங்கே தனி ஆள் தேவைப்படவில்லை, படுக்கைக்கு அருகே நிற்பவரே அந்த ஊர்க்காரர். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்லிங்கியில் 1993 முதல் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கேரளத்தில் பெரும்பாவூரை மையமாகக் கொண்ட ‘பந்து கிளினிக்’ என்ற நடமாடும் மருத்துவமனை, வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடத்துக்கே போகிறது. நியூசிலாந்தில் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்வைத்த ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற கருத்தை அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992-இல் பாடத்திட்டத்தில் சேர்த்தது. சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைப் பெற்றவர் என்பதே அதன் சாரம்.

இந்த விருதுநகர் மாவட்டத்திலும் பழங்குடிகள் உண்டு. வில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பின் பளியர் குடும்பங்கள் பேசுவது தமிழே. ஆகவே மொழிச் சிக்கல் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தேனெடுக்கப் போகும் நாட்களை வைத்து ஆண்டை எண்ணுபவரிடம் ‘எத்தனை மாதமாக வலி’ என்று கேட்டால் வரும் மௌனத்துக்கும், ஒடியா பேசுபவரின் மௌனத்துக்கும் வேறுபாடு குறைவு. ஒருவர் உள்ளூர், மற்றவர் வெளியூர். இருவரையும் கையாளும் படிவம் ஒன்றே.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தத் திசையில் பாதித் தூரம் போயிருக்கிறது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர் அதே ஊர்க்காரர்; வீட்டுக்காரர் எந்த அறையில் என்ன வேலை செய்கிறார், ஷிப்டு முடிந்து எப்போது வேன் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தீப்புண்ணில் பேனா மையையும் முட்டை வெள்ளையையும் தடவும் பழக்கத்தைச் சுவரொட்டி நிறுத்துவதைவிட அவர் சொல் நிறுத்தும். ஆனால் ரேஷன் கார்டு இல்லாத குடும்பம் அவர் பட்டியலில் எளிதில் விடுபடுகிறது. ஆலை ஒட்டிய லைன் வீடுகளிலும், ராஜபாளையம் நூற்பாலை விடுதிகளிலும் இருப்பவர்கள் அத்தகையவர்களே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வெளிமாநிலத்தவருக்குத் திறந்திருக்கிறது, ஆறு மாதம் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால். விபத்து ஆறு மாதம் பொறுத்து நடப்பதில்லை.

விபத்தின்போது இந்தக் குறை முழுதாக வெளிப்படும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 பிப்ரவரி 17 அன்று ராமுத்தேவன்பட்டி விபத்தில் பத்துப் பேர். உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் பாதி உடல் வெந்தவரிடம் தோல் ஒட்டு அறுவைக்கு ஒப்புதல் வாங்குவது யார், எந்த மொழியில்? கைநாட்டு ஒப்புதல் ஆகிவிடாது. மயக்கம் கொடுப்பதற்கு முன் அவர் சொல்லும் கடைசிச் சொற்களை வாங்கிக்கொள்ள அறையில் ஒருவர் இருக்க வேண்டும்.

அரசால் இது முடியாது என்று சொல்ல வழியில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வதந்தி பரவியபோது, சில நாட்களுக்குள் இந்தியில் அறிவிப்புகள் வந்தன, இந்தி பேசும் உதவி எண்கள் வந்தன, அதிகாரிகள் தொழிலாளர் விடுதிகளுக்கே போய்ப் பேசினார்கள். ஆலைகள் காலியாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஒரு வாரத்தில் மொழி கிடைத்தது. பரிசோதனை அறைக்கு இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் பிறகு ஆய்வுக் குழு, சுற்றறிக்கை, முகாம், முகாமில் புகைப்படம். எத்தனை பேருக்குப் பரிசோதனை என்ற எண் மேலே போகிறது. எத்தனை பேருக்குப் புரிந்தது என்று மேலிருந்து யாரும் கேட்டதில்லை. கேட்கும் படிவமே அச்சாகவில்லை. தொழிலாளியை எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு அவரைக் கேட்க மட்டும் பணியிடம் இல்லை, நிதித் தலைப்பு இல்லை.

இவ்விதழ் கோருவது மாநில விதிகளில் சேர்க்கக்கூடியதே. பரிசோதனை அறையில் மொழிபெயர்ப்பவர் தொழிலாளியின் சமூகத்திலிருந்து வர வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஆலையின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. அவருக்கு ஊக்கத்தொகை போதாது, மாதச் சம்பளம் வேண்டும். தூசியிலும் கலவையிலும் வேலை செய்பவருக்கு 40 வயது வரம்பு பொருந்தாது, வேலைக்குச் சேரும் நாளிலேயே முதல் ஊதல் பதிவாக வேண்டும். இல்லையெனில் பிறகு வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? முடிவுத்தாள் ஒன்று தொழிலாளியின் கையில், அவர் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். விதிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒரு வேலையும் உண்டு. அடுத்த முகாமில் போர்மேனை அறைக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் பரிசோதிக்கும் மருத்துவரிடமே இருக்கிறது.