அதிகம் தேடப்படும் சொல்லே உத்தமமா?

புதிதாக எழுதுவோர், கூகுளில் மிகுதியானோர் தேடும் சொல்லையே விஷயமாகக் கொண்டால் வாசகர் தாமே வந்து சேர்வர் என்பது பலரும் உபதேசிக்கும் அபிப்பிராயம். அதை ஏற்குமுன் சிந்திக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ‘சர்க்கரை நோய்’ என்று தேடுபவர் அதன் அறிகுறிகளை நாடுகிறாரா, மருந்தையா, மருத்துவரையா என்பதை அச்சொல் உணர்த்துமா? ‘சர்க்கரை நோயாளி மாம்பழம் சாப்பிடலாமா’ என்று தட்டச்சு செய்பவரோ தம் சந்தேகத்தை முழுமையாகவே வெளியிட்டுவிடுகிறார். பெரிய மருத்துவமனைகளும் பத்திரிகைகளும் முதற்பக்கத்தை ஆக்கிரமித்துள்ள அந்தப் பொதுச்சொல்லைத் துரத்துவதைவிட, இவ்வினாவுக்குத் தெளிவாக விடையளிப்பதே புதியவருக்குச் சாத்தியமான மார்க்கம்.

இரண்டாவது, கூகுளின் சொல்லாய்வுக் கருவியான கீவேர்ட் பிளானர் ‘போட்டி குறைவு’ என்று காட்டுவது விளம்பரதாரர்களின் போட்டியை மட்டுமே; தேடல் முடிவுகளில் இடம்பிடிப்பதற்கான போட்டியை அன்று.

மூன்றாவது, பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் இடப்படும் மெட்டா கீவேர்ட்ஸ் குறிச்சொல்லில் சொற்களை அடுக்குவதால் யாது பிரயோஜனம்? தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் பகிரங்கமாக அறிவித்துவிட்டது.

எந்தச் சொல்லையும் தேர்வதற்குமுன் நீங்களே அதைத் தேடி, முதற்பக்கத்தில் நிற்பவர் யாரென்று பாருங்கள்.