கல்லூரிக் குப்பையும் கொடுங்கையூர் மேடும்

கொடுங்கையூரில் எரியுலை ஒன்று அமைத்து, நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதென்று சென்னை மாநகராட்சி திட்டம் போட்டதும், அதை ஆக்ஷேபித்து வடசென்னை ஜனங்கள் 2025 மே மாதத்தில் தெருவில் கைகோத்து நின்றதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். எண்ணூர்ப் பக்கத்து அனல் மின்நிலையங்களின் புகையையும் மணலி ஆலைகளின் வாடையையும் சுவாசித்துவரும் பெரம்பூர், வியாசர்பாடி வாசிகளுக்கு இன்னொரு புகைபோக்கியும் வேண்டுமோ? அவர்கள் ஆக்ஷேபம் முற்றிலும் நியாயமானதென்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எரிக்காதே, கொட்டாதே என்று கூறுவோர், குப்பை உண்டாகும் இடத்திலேயே அதைக் குறைக்கும் வழியையும் கூறக் கடமைப்பட்டவர்கள். அவ்வழியை முதலில் நடத்திக் காட்ட வேண்டியவை கல்லூரிகளே என்று நாம் கருதுகிறோம்.

நகரில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் வடபாதியின் பங்கு பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் சுமார் 350 ஏக்கர் பரப்பில் வந்து விழுகிறது. பழைய மேட்டைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை ஆரம்பமாகியிருக்கிறது, நல்லது. எனினும் கலந்த குப்பையைச் சுமந்து புது வண்டிகள் வந்துகொண்டேயிருந்தால் அவ்வேலைக்கு முடிவேது? எச்சில் சோறும் காய்கறித் தோலும் காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது எரியக்கூடிய வாயு பிறக்கிறது. மேட்டில் தீப்பற்றினால் எளிதில் அணையாததற்கு இதுவும் ஒரு காரணம். மழை பெய்தாலோ, அழுகல் நீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. தீங்கின் வேர் குப்பையில் இல்லை. ஈரமும் உலர்ந்ததும் ஒரே தொட்டியில் கலப்பதில் இருக்கிறது.

கல்லூரியிலே சேருவது என்ன? விடுதிச் சமையலறைக் கழிவு, மரத்தடிச் சருகு, எழுதித் தீர்ந்த காகிதம், சிற்றுண்டிச்சாலைப் பொட்டலங்கள். சருகையும் சமையற் கழிவையும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்துக் கிளறிவிட்டால் சில மாதங்களில் நல்ல உரமாகிறது. காகிதத்தைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். அதே காகிதத்தின் மேல் சாம்பார் சிந்திவிட்டால் அவர் திரும்பியும் பாரார். இந்தச் சிறிய உண்மையை அவர் அறிந்த அளவு நமது பட்டதாரிகள் அறியவில்லையென்பது வருந்தத்தக்கது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவரைக் கேளுங்கள்; கழிந்த இரும்பும் ஏலத்துக்குரிய சரக்கென்பார், ஒருநாளும் குப்பையென்று கூறார்.

இது நமக்குப் புதிய தர்மமுமன்று. வந்த கடித உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் எழுதியவர் காந்தியடிகள். 1934-ல் பிறந்த அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தில் நம் தஞ்சாவூர்க்காரரான ஜே. சி. குமரப்பா கையால் செய்யும் காகிதத்தை ஆதரித்துப் பாடுபட்டார். அவர் பெயரால் கல்லூரிகளில் கூட்டம் நடத்தி, கூட்டம் கலைந்தபின் பிளாஸ்டிக் தட்டுகளையும் தம்ளர்களையும் குவித்துப் போவது அழகாகுமா? அப்பண்டங்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு சர்க்கார் தடை செய்திருப்பதையாவது நினைக்க வேண்டாமா?

சட்டமும் இல்லாமலில்லை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் ஸ்தாபனங்களைப் பெருங்குப்பை உற்பத்தியாளர் என்று தனியே குறித்து, கல்லூரிகளையும் சர்வகலாசாலைகளையும் அவ்வகையில் சேர்த்து, பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பை இந்திய சர்க்கார் 2016-லேயே விதித்தது. இயன்ற மட்டும் அழுகுங் கழிவைத் தம் எல்லைக்குள்ளேயே உரமாக்க வேண்டுமென்றும் அவ்விதிகள் கூறின. ஆனால் விதி காகிதத்தில் நின்றால் யாருக்கு லாபம்?

செலவாகும் என்று நிர்வாகிகள் கூறலாம். குழி வெட்டுவதற்கும் இரண்டு தொட்டி வைப்பதற்கும் ஆகும் செலவு பெரிதன்று. இப்போது அச்செலவை வேறொருவர் தம் உடம்பால் செலுத்துகிறார் என்பதே நமது வாதம். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நாட்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். பெரம்பூர் அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்திலேயே அடங்கியது. அவர்களுக்காக அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றும் மாணவர், தாம் எறியும் எச்சிற் பொட்டலத்தை அவர்கள் கையால் பிரிக்க வேண்டியிருப்பதை எண்ணிப் பார்ப்பது உசிதம்.

ஆகவே வடசென்னைக் கல்லூரிகளின் மாணவர் சங்கங்களும் நிர்வாகிகளும் வரும் பருவத் தொடக்கத்திலேயே கூடி, வாயிலைக் கடந்து வெளியே போகும் குப்பையை நிறுத்து, அதன் எடையை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சென்ற மாதத்துக்கு இம்மாதம் குறைந்ததா என்று எவரும் பார்த்தறியலாம். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலிருந்து இதைத் தொடங்கினால் மிகவும் பொருந்தும். கொடுங்கையூர் மேடு அங்கிருந்து வெகுதூரமில்லை.