பதக்கம் பல்கலைக்கழகத்துக்கு, பட்டம் யாருக்கு?

கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியான கருமந்துறையில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், 2025-ஆம் ஆண்டு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் 417-ஆம் இடம் பெற்றார். அதற்கு ஓராண்டு முன்புதான், 2024–25 கல்வியாண்டில், சென்னை ஐ.ஐ.டி. விளையாட்டு வீரர்களுக்கென இளநிலைப் படிப்புகளில் தனி இடங்களை ஏற்படுத்தியது. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் கூடுதலாக 2 இடங்கள். அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஐ.ஐ.டி.களில் இது முதல் முயற்சி.

அதே மலையில் ஓடிப் பழகிய ஒரு பழங்குடி இளைஞர் இந்த இரண்டாவது வாசல் வழியே நுழைய முடியுமா? கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டி ஒன்றில் பதக்கம் வென்றிருக்க வேண்டும், கூடவே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். பயிற்சி மையமும் மைதானமும் ஒருசேர வாய்த்தவர்களுக்கே இது எட்டும். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே, அம்மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது.

கல்வித் தரமும் விளையாட்டு வெற்றியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற வாதம் பல்கலைக்கழக வளாகங்களில் புதிதன்று. 'விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்' என்ற சொல் எந்தத் தொனியில் உச்சரிக்கப்படுகிறது என்பதை, 'கோட்டா' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலித் மாணவர் விளையாட்டு வீரராகவும் இருந்துவிட்டால் இரண்டு முத்திரைகளும் அவர்மீது விழுகின்றன. கோப்பை வாங்கும் நாளில் அவர் கல்லூரியின் பெருமை. அரியர் விழுந்த நாளில் அவர் தரத்தைக் குறைப்பவர்.

தரம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலும் வளங்களும் 30 சதவீதம், ஆய்வு 30 சதவீதம், பட்டம் பெறுவோர் நிலை 20 சதவீதம். பெண்கள், பிற மாநிலத்தவர், மாற்றுத்திறனாளிகள், சமூகப் பொருளாதார நிலையில் பின்தங்கியோர் ஆகிய அனைவருக்குமான இடம் 10 சதவீதத் தலைப்பு ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. விளையாட்டுக்கெனத் தனித் தலைப்பே கிடையாது. மறுபுறம், பல்கலைக்கழக விளையாட்டில் நாட்டின் உயர் விருதான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை போட்டி வெற்றிகளை மட்டுமே எண்ணுகிறது. அந்த வெற்றியை ஈட்டித் தந்தவர் பட்டம் பெற்றாரா என்று அது கேட்பதில்லை. ஓர் அளவுகோலுக்கு விளையாட்டு தெரியவில்லை, மற்றொன்றுக்குப் படிப்பு தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே மாணவர் காணாமற் போகிறார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகம் சான்று. அங்கே ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க–அமெரிக்க ஆய்வுத் துறையின் பெயரிலேயே, வகுப்பே நடக்காத பாடங்கள் 18 ஆண்டுகள் நடத்தப்பட்டன. ஒரு கட்டுரை கொடுத்தால் உயர் மதிப்பெண். 2014-இல் வெளியான விசாரணை அறிக்கை, 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இவற்றில் சேர்ந்ததாகவும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் கூறியது. பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்கு நேர்ந்த இழுக்கைப் பற்றியே அன்று அதிகம் பேசினார்கள். கற்பிக்கப்படாமலேயே அனுப்பப்பட்ட கறுப்பின மாணவர்களின் இழப்பு பின்னுக்குப் போயிற்று.

நம்மிடையே சாந்தி சௌந்திரராஜனின் வாழ்க்கை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தலித் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார்; பாலினச் சோதனையின் பெயரால் அது பறிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவரும் சூளையில் கூலி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பின்னர் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயப் படிப்பை முடித்தே அவர் பயிற்றுநரானார். பதக்கத்தைப் பறிக்க முடிந்தது. படித்து வாங்கிய பட்டயம்தான் அவருக்கு வேலை தந்தது. அந்தப் படிப்பு ஏன் அவருக்கு அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது?

இரண்டும் சேர்ந்து இயலாதவை அல்ல. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. அரசுக் கல்லூரி, கடினமான பாடம், உலகப் பதக்கம்.

ஆகவே விளையாட்டு ஒதுக்கீட்டைக் குறைப்பது தீர்வாகாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும், அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டில் உள்ளன. சேர்த்த பின் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. போட்டிக்குச் சென்ற நாளில் தவறிய தேர்வுக்கு மறுதேர்வு, வருகைப் பதிவில் விலக்கு, தவறிய பாடங்களுக்குத் தனி வகுப்பு ஆகியவை உடற்கல்வி இயக்குநரின் தயவாக இல்லாமல் விதியாக இருக்க வேண்டும். முழங்கால் முறிந்தால் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் முறிந்துவிடக் கூடாது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரவேண்டியவர் இரண்டாம் ஆண்டில் ஊர் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

கள்ளக்குறிச்சி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 2021-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. தன் அணிகளில் ஆடிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும், கல்லூரி வாரியாக அது வெளியிடலாம். புதிய சட்டம் ஏதும் தேவையில்லை. வெளியிடாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு அனுப்பி, மாவட்ட மாணவர் அமைப்புகளே அதைக் கேட்டுப் பெறலாம்.