ரெண்டு மலை ஊர், ஒரே தைல மரம்!

அடிஸ் அபாபா! இந்தப் பேரை க்விஸ் போட்டிக்கு வெளியே எங்கேயாவது கேட்டிருக்கீங்களா? எத்தியோப்பியாவின் தலைநகர், ஆப்பிரிக்க யூனியனின் தலைமையகம் இருக்கிற ஊர். அதோட நம்மில் பலருக்கு ஸ்டாக் காலி! ஆனா, கொடைக்கானலுக்கு ஒரு தடவை டூர் போயிட்டு வந்தவங்களுக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியம் இல்லை.

அட்லஸைப் புரட்டிப் பாருங்க. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கொடைக்கானல் சுமார் 10 டிகிரி, அடிஸ் அபாபா 9 டிகிரி. உயரம்? நம்ம கொடை சுமார் 2,130 மீட்டர், அவங்க ஊர் சுமார் 2,350 மீட்டர். ராத்திரியானா ரெண்டு இடத்திலேயும் ஸ்வெட்டரைத் தேடணும். காத்துல வர்ற வாசனைகூட ஒண்ணுதான்... யூகலிப்டஸ். நம்ம பாட்டி ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கச் சொல்ற அதே தைல மரம்!

1886-ல் எண்டோட்டோ மலை மேல இருந்த மன்னர் மெனெலிக்கின் அரண்மனைக் கூட்டம், கீழே வெந்நீர் ஊற்று பக்கம் இறங்கி வந்தப்ப பிறந்த ஊர் அது. பேர் வச்சது அரசி தாய்த்து. அம்ஹாரிக் மொழியில 'புதுப் பூ'ன்னு அர்த்தம். பேர் அழகா இருந்தாலும் சீக்கிரமே சிக்கல் வந்தது. விறகு தீர்ந்து போச்சு! சுத்தி இருந்த மலையெல்லாம் மொட்டை. மேற்கே வேற இடத்துல புதுத் தலைநகர் கட்டவே மெனெலிக் ஆரம்பிச்சுட்டார். அந்த நேரத்துல கைகொடுத்ததுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ். கிடுகிடுன்னு வளரும், வெட்டினா திரும்பத் துளிர்க்கும். விறகுப் பஞ்சம் குறைஞ்சது, தலைநகர் அங்கேயே நிலைச்சுடுச்சு.

(ஒரு குட்டி டைவர்ஷன்: அவங்க வருஷத்துக்கு 13 மாசம்! நம்ம காலண்டருக்கு ஏழெட்டு வருஷம் பின்னாடி ஓடுறதால 2000-வது ஆண்டை 2007 செப்டம்பர்லதான் கொண்டாடினாங்க. சாப்பாடு 'இன்ஜெரா'. டெஃப்ங்கிற தானிய மாவைப் புளிக்க வச்சுச் சுடுற பெரிய சைஸ் தோசை. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு யாராவது சிபாரிசு பண்ணலாம்.)

அங்கே ஹீரோவான மரம் நம்ம பழனி மலையில என்ன பண்ணுச்சு? இங்கே மலை மொட்டையா கிடக்கலை. பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. மழையையும் பனிமூட்டத்தையும் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சு, கோடையில கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடுற ஏற்பாடு. வைகைக்கும் அமராவதிக்கும் போற தண்ணியில ஒரு பங்கு இங்கிருந்துதான் இறங்குது. ஆனா, வெள்ளைக்காரங்க கண்ணுக்கும், அப்புறம் வந்த நம்ம அதிகாரிகள் கண்ணுக்கும் புல்வெளின்னா சும்மா கிடக்கிற தரிசு! விறகுக்கும் மரக்கூழுக்கும் யூகலிப்டஸ், தோல் பதனிட வாட்டில், கூடவே பைன்னு நட்டுத் தள்ளினாங்க. செயற்கைக்கோள் படங்களை வச்சு 2018-ல் வெளியான ஆய்வு, நாற்பது வருஷத்துல பழனி மலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு சொல்லுது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்கு அந்தப் புல்வெளிதான் வீடு. 2018-ல் பூத்தது. அடுத்த முறை 2030-ல். அதுக்குள்ள இடம் மிச்சம் இருக்கணும்.

நாம க்ரூப் ஃபோட்டோ எடுத்து 'இயற்கை அழகு'ன்னு ஸ்டேட்டஸ் போடுறோமே, அந்த பைன் காடும் ஆளுங்க நட்ட தோட்டம்தான் பாஸ்! அசல் சோலை எப்படி இருக்கும்னு தெரியணும்னா வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலையை வெளியே நின்னாவது பாருங்க. பாசி படிஞ்ச குட்டை மரம், ஈரம், இருட்டு. ஃபோட்டோவுக்குச் சரிப்பட்டு வராது.

'அப்போ எல்லாத்தையும் வெட்டிட வேண்டியதுதானே'ன்னு கேக்குறீங்களா? அவ்வளவு சுலபம் இல்லை. வாட்டில் விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கும்பலா எழுந்து நிக்கும். யூகலிப்டஸோ அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். இன்னொரு பக்கம், பழைய தோட்ட மரங்களோட நிழல்லேயே சில இடத்துல சோலை நாத்துகள் தானா முளைச்சு வருது. அங்கே கோடாலியைத் தூக்கினா அதுவும் சேர்ந்து போகும். அதனால எங்கே வெட்டணும், எங்கே விட்டு வைக்கணும்னு ஒவ்வொரு சரிவா பார்த்துத்தான் முடிவு பண்ணணும். வெட்டின இடத்துக்கும் வருஷா வருஷம் திரும்பப் போய், முளைச்ச வாட்டில் கன்றைக் கையால பிடுங்கணும். என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு இடம் தேடுறவங்க, வனத்துறையில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!