வைஸ் எழுதாத வைஸ்

முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. டெல்லியில் வேலை பார்த்த நாட்களில், மேற்கத்திய சங்கீதத்தில் பைத்தியமாக இருந்த நண்பர் ஒருவர் தன் இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்து கொடுத்தது. முழுக்க ஆந்த்ரே செகோவியாவின் கிடார். அட்டையில் நண்பரின் கோழிக்கிறுக்கலில் வரிசையாகப் பெயர்கள்: பாக், சோர், தார்ரேகா, வைஸ். பாக் தெரிந்த பெயர். சோரும் தார்ரேகாவும் கிடார்காரர்கள். இந்த வைஸ் யார் என்று கேட்டேன். "பாக் காலத்து லூட் வித்வான். பாக்குக்கே சிநேகிதர்" என்றார் நண்பர். கேசட்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த வைஸ்தான். ரயில் பயணங்களில், மின்சாரம் போன இரவுகளில், பாட்டரி தீரும் வரை கேட்டிருக்கிறேன். 18-ம் நூற்றாண்டு ஜெர்மானிய மூளைக்குள் இப்படி ஒரு குளுமையா என்று வியந்திருக்கிறேன்.

அதை வைஸ் எழுதவே இல்லை என்பது தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. எழுதியவர் மானுவல் போன்ஸே என்ற மெக்சிகோக்காரர். வைஸ் இறந்து ஏறக்குறைய 180 வருடங்கள் கழித்து, பாரிசில் உட்கார்ந்துகொண்டு எழுதினார்.

உண்மையான வைஸை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் சில்வியஸ் லியோபால்ட் வைஸ். டிரெஸ்டன் அரசவையின் லூட் கலைஞர். அங்கிருந்த வாத்தியக்காரர்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். 1739-ல் லைப்சிக் நகருக்குப் போய் பாக் வீட்டில் வாசித்திருக்கிறார். அந்த வீட்டிலிருந்த உறவினர் ஒருவரின் கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. ஆக, சிநேகிதர் என்று நண்பர் சொன்னது ரொம்பவும் தப்பில்லை. 1722-ல் ஒரு பிரெஞ்சு வயலின்காரர் பொறாமையோ என்னவோ, வைஸின் கட்டைவிரலைக் கடித்துத் துண்டிக்கப் பார்த்த சம்பவமும் உண்டு. விரல் தப்பியது. பாக் இறந்த அதே 1750-ல் வைஸும் இறந்தார். பாக்கை உலகம் மறந்து, பிறகு நினைவுகூர்ந்தது. வைஸை மறந்தது மறந்ததுதான்.

காரணம் அவர் வாசித்த வாத்தியம். பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற குடம், பின்னால் ஒடிந்தாற்போல் மடங்கிய தலை. வைஸ் கையிலிருந்த லூட்டில் தந்திகள் 13 வரிசை. மேல் இரண்டைத் தவிர மற்றவை ஜோடி ஜோடியாக இருக்கும். மொத்தம் 24 தந்திகள், எல்லாம் ஆட்டுக்குடல். வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். எண்பது வயது வாழ்ந்த லூட்காரர் அதில் அறுபது வருடத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று மத்தேசன் என்ற அக்காலத்து ஆசாமி கிண்டல் செய்தார். 1800 வாக்கில் வாத்தியம் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. அதோடு அதன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் போனார்கள்.

அந்த எழுத்துதான் விஷயமே. லூட் இசையை ஸ்வரக் குறிப்பாக எழுதமாட்டார்கள். ஆறு கோடுகள் போடுவார்கள். ஒவ்வொரு கோடும் ஒரு தந்தி. கோட்டின் மேல் 'ஏ' என்று எழுதினால் தந்தியைச் சும்மா மீட்டு என்று அர்த்தம். 'பி' என்றால் முதல் மெட்டில் விரல் வை. 'சி' என்றால் இரண்டாவது மெட்டு. இது என்ன ராகம், என்ன ஸ்வரம் என்று தாளைப் பார்த்தால் தெரியாது. விரல் எங்கே போக வேண்டும் என்று மட்டும் தெரியும். வீணைக்காரர் ஒருவர் ஸ்வரங்களை விட்டுவிட்டு மெட்டு எண்களை மட்டும் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார், அப்புறம் ஊரில் வீணையே இல்லை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் வைஸின் கதி.

அவர் காலத்தில் அச்சில் வந்தது ஒரே ஒரு சிறு உருப்படி. 1728-ல் டெலமான் நடத்திய சங்கீதப் பத்திரிகையில் அது வந்தது. மற்றதெல்லாம் கையெழுத்துப் பிரதிகள். 600-க்கும் மேற்பட்ட உருப்படிகள் கட்டுக்கட்டாக நூலகங்களில் கிடந்தன. பெரிய கட்டுகள் இரண்டு: லண்டனில் ஒன்று, டிரெஸ்டனில் ஒன்று. லண்டன் ஏட்டின் சில பக்கங்கள் வைஸின் சொந்தக் கையெழுத்து. 1945 குண்டுவீச்சில் டிரெஸ்டன் நகரமே எரிந்தபோதும் அங்கிருந்த கட்டு தப்பியது. இன்னும் பல சின்னச் சின்னத் தொகுப்புகள். பலவற்றில் 'திரு. வைஸ்' என்று மட்டும் இருக்கும். எந்த வைஸ்? அப்பா லூட்காரர். தம்பி சிகிஸ்மண்டும் லூட்காரர். நம் கீர்த்தனங்களில் பாட்டுக்குள்ளேயே முத்திரையைத் தைத்துவிடுகிறார்கள். லூட் இசையில் வார்த்தையே கிடையாது, முத்திரைக்கு இடமேது?

இப்போது பாரிசுக்கு வருவோம். 1920-களின் கடைசி. செகோவியா கிடாரைச் சாராயக்கடையிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மேடை ஏறிய வாத்தியத்துக்குப் பழைய குடும்பப் பெருமை ஏதாவது வேண்டியிருந்தது. பியானோக்காரர்களுக்கு பாக் இருந்தார். வயலின்காரர்களுக்கு கொரேல்லி, விவால்டி. கிடாருக்கு ஒரு தாத்தா தேவைப்பட்டார். போன்ஸே அப்போது பாரிசில் இருந்தார், செகோவியாவுக்கு நெருங்கிய நண்பர். எந்தக் காலத்துப் பாணியிலும் எழுதக்கூடிய கை. முதலில் பாக் பெயரில் ஒன்று செய்யலாம் என்று யோசித்ததாகவும், பாக்கின் படைப்புகளைத்தான் ஊரெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறதே, மாட்டிக்கொள்வோம் என்று வைஸைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொல்வார்கள். சரியான தேர்வு. பெயர் பழைய புத்தகங்களில் இருந்தது. இசையை யாரும் கேட்டிருக்கவில்லை.

1929-ல் 'ஏ மைனர் சூட்' தயாரானது. 1930-ல் செகோவியா அதை வைஸ் பெயரிலேயே இசைத்தட்டில் பதிவு செய்தார். இன்னும் சில சிறு துண்டுகளும் அதே பெயரில் உலா வந்தன. அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தி பெயரிலும் ஒரு சூட் உண்டு, போன்ஸே கைவண்ணம்தான். கிடார் பயின்ற பிள்ளைகள் பத்துப் பத்து வருடங்களாக இவற்றை 'பரோக் இசை' என்று வாசித்தார்கள். லூட் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவராவது, 'இது எந்த ஏட்டில் இருக்கிறது, காட்டு' என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எந்த ஏட்டிலும் இல்லை.

இதே விளையாட்டை வயலினில் ஆடியவர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். பழைய மேதைகளின் பெயரில் தானே எழுதி, தானே வாசித்துக் கைதட்டல் வாங்கினார். 1935-ல் ஒப்புக்கொண்டார். லண்டன் விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் கொதித்துப்போனார். பெயர்தான் மாறுகிறது, இசையின் மதிப்பு மாறவில்லையே என்கிற தோரணையில் கிரைஸ்லர் பதில் சொன்னார்.

இந்தப் பதிலை நான் வெகுநாள் ஒப்புக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது, கேட்கிறோம், யார் எழுதினால் என்ன? இப்போது அப்படித் தோன்றவில்லை. பெயரைக் கடன் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவரை யாரும் கேட்கவில்லை. வைஸ் என்றால் எனக்கு போன்ஸேயின் முகம்தான் மனதில் பதிந்தது. பிறகு நிஜ வைஸைக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருந்தது. 'இது வைஸ் மாதிரியே இல்லையே' என்று நினைத்தேன். அவர் வீட்டிலேயே அவரை அந்நியராக்கிவிட்டார்கள்.

போன்ஸேயாவது தன் பெயரிலும் புகழோடு இருந்தவர். 'எஸ்த்ரெலித்தா' என்ற அவர் பாட்டை உலகமே முணுமுணுத்தது. லெனின்கிராடில் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. விளாதிமிர் வவீலோவ், கிடாரும் லூட்டும் வாசித்தவர். 1970-ல் சோவியத் மெலோதியா நிறுவனம் அவர் வாசித்த ஓர் இசைத்தட்டை வெளியிட்டது: 16, 17-ம் நூற்றாண்டுகளின் லூட் இசை. அட்டையில் பிரான்செஸ்கோ தா மிலானோ முதலான பழைய இத்தாலியப் பெயர்கள். உள்ளே இருந்ததில் பெரும்பகுதி வவீலோவ் தானே எழுதியது. வவீலோவ் என்று சாதாரணமாக ஒரு பெயரைப் போட்டால் எவரும் வெளியிடமாட்டார்கள் என்று அவர் நினைத்ததாக மகள் பின்னாளில் சொன்னார். தட்டு நன்றாக விற்றது. வவீலோவ் 1973-ல் இறந்துபோனார்.

மிலானோவின் பெயரிலிருந்த மெட்டுக்கு ரஷ்யக் கவிஞர் ஒருவர் வார்த்தை போட்டார். பொன் நகரம் பற்றிய அந்தப் பாட்டு 1987-ல் வந்த 'அஸ்ஸா' என்ற சினிமா மூலம் நாடு முழுக்கப் பரவியது. இன்னொரு உருப்படி 'ஆவே மரியா'. தட்டில் இயற்றியவர் பெயர் தெரியாது என்று போட்டிருந்தது. வவீலோவ் இறந்த பிறகு அதற்கு ஜூலியோ காச்சினி என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. காச்சினி 1618-ல் செத்தவர். 1990-களில் இனெஸ்ஸா காலந்தே பாடிய பதிவுக்குப் பிறகு உலகம் முழுவதும் கல்யாணத்திலும் சாவிலும் அதைப் பாடுகிறார்கள். கேட்டால் ஒன்று கவனியுங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை 'ஆவே மரியா' என்ற இரண்டு சொற்கள்தான். வார்த்தைக்கு உயிரைக் கொடுத்துப் பாட வேண்டும் என்று வாதாடிய காச்சினி, முழு ஜெபத்தையும் விட்டுவிட்டு இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு சுற்றியிருப்பாரா? இந்த ஒரு கேள்வி போதும். ஆனாலும் இன்றுவரை குறுந்தகட்டிலும் இணையத்திலும் காச்சினி என்றே போடுகிறார்கள்.

நிஜ வைஸுக்கு விடிவுகாலம் மெதுவாக வந்தது. லூட்டைத் திரும்பச் செய்து, அந்த எழுத்தைத் திரும்பப் படித்து, அயூகென் டோம்புவா, கான்ராட் யுங்ஹேனல், ஹாப்கின்சன் ஸ்மித் போன்றவர்கள் 1970, 80-களில் பதிவு செய்தார்கள். 1983-லிருந்து அவர் படைப்புகள் ஆராய்ச்சிப் பதிப்பாக வரத் தொடங்கின. மிஷேல் கார்தேன் லண்டன் ஏட்டை முழுசாக வாசித்து 12 தகடுகளில் அடக்கினார். அமெரிக்கரான ராபர்ட் பார்ட்டோ 1990-களின் கடைசியில் தொடங்கி, நாக்சோஸ் நிறுவனத்துக்காக 11 தகடுகள் வாசித்தார். ஒரே ஒருவரை வாங்க வேண்டுமென்றால் பார்ட்டோவைச் சொல்வேன். அவசரமே கிடையாது. கீழ்த் தந்திகள் தாமே அடங்கும் வரை காத்திருக்கிறார். கிடாரில் ஆறு தந்திதான். வைஸை அதில் வாசிக்கும்போது இந்தக் கார்வைதான் முதலில் பலியாகிறது.

ஏடுகளைத் திறந்து படித்ததில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. பாக்கின் படைப்புப் பட்டியலில் 1025 என்ற எண்ணில், வயலினுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் ஒரு சூட் இருக்கிறது. இது பாக் மாதிரி இல்லையே என்று பல காலமாகச் சந்தேகம். 1990-களில் டிரெஸ்டன் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹார்ப்சிகார்டு வாசிக்கும் பகுதி அப்படியே வைஸின் லூட் சொனாட்டா! பாக் முன்னால் ஒரு பகுதியைச் சேர்த்து, மேலே ஒரு வயலினைப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் வைஸ் எழுதாததை வைஸ் என்று மேடையில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், மறுபக்கம் வைஸ் எழுதியது பாக்கின் பெயரில், 'சந்தேகத்துக்குரியது' என்ற முத்திரையோடு கிடந்திருக்கிறது.

வைஸைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் லோகி பிரபுவின் நினைவாக எழுதிய இரங்கல் இசையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிராகைச் சேர்ந்த இந்தப் பிரபு தாமே லூட் வாசித்தவர், 1721-ல் இறந்தார். ஏறக்குறைய எதுவும் நடக்காததுபோல் தொடங்கும். கீழ்த் தந்தியில் ஒரு அடி, பிறகு மௌனம், மறுபடி ஒரு அடி. முதல் தடவை எனக்கும் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

பழைய கேசட்டை எறியவில்லை. நாடா இழுத்துப்போய் சுருதி அரைக்கட்டை இறங்கிவிட்டது, ஆனாலும் அந்த கவோட் நடனத்தை இன்றும் ரசிக்கிறேன். அட்டையில் நண்பர் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் 'போன்ஸே' என்று எழுதி வைத்திருக்கிறேன்.